ஆறு பேர் ஜீப்பில் ஒருத்தர்

தெரு நாயிடம் மன்னிப்புக் கேட்கிற மனுஷியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் தினமும் பார்த்திருக்கிறேன். புதுச்சேரி மூலக்குளத்தில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ் வீடுதான் அவருடையது. அவர் வீட்டுப் படியில் ஒரு செவலை நாய் வந்து படுத்துக்கொள்ளும், எழுந்திருக்கவே எழுந்திருக்காது. வீடு அவருடையது, படி அவருடையது. அவரோ புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாயைத் தாண்டி உள்ளே போவார். தாண்டும்போது "பர்தோன்" என்பார். பிரெஞ்சில் மன்னிக்கணும் என்று அர்த்தம். நாய் கண்ணைக்கூடத் திறக்காது.

தெருவில் எல்லாரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஊர் நிறம், நூல் புடவை, பின்னால் சின்னக் கொண்டை. வீட்டுக்காரர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. ஒரே பையன், பாரிசுக்குப் பக்கத்தில் வேலை. ஆக மதாம் கீழே தனியாக, நான் மேலே தனியாக. ஆனால் நான் தனி ஆள் என்று சொன்னால் எவரும் நம்ப மாட்டார்கள். நான் ஒருத்தி இருந்தால் ஒரு கல்யாண வீடு இருக்கிற சத்தம் கேட்கும். போனில் கத்துவேன், விடிந்ததும் விடியாததுமாக மிக்ஸியை ஓட்டுவேன், படியில் தடதடவென்று இறங்குவேன். பெரிய மார்க்கெட் பக்கத்தில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். கத்தாமல் அந்தத் தொழில் நடக்காது.

எங்கள் வீட்டு இரும்பு கேட் என்னைவிட மோசம். தொட்டாலே வீல் என்று அலறும். நான் அதை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பேன். மதாம் இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து, லேசாகத் தூக்கி, அங்குலம் அங்குலமாகத் திறப்பார். அந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று கேட்டால், எதிர் வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது என்பார். அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூட வேனில் ஏறிப் போகத் தொடங்கிய பிறகும் மதாம் கேட்டைத் தூக்கித்தான் திறந்தார்.

காய்ச்சல் வந்தால் யாருக்கும் சொல்ல மாட்டார். ஒருமுறை வழுக்கி விழுந்து கை வீங்கிப்போய், தானே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நான் மேலேதான் இருந்தேன், ஸ்கூட்டரும் இருந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று எகிறினேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தானே உனக்கு ஓய்வு என்றார். கோபம் வராமல் என்ன செய்யும்? அவரோடு சண்டை போடவும் முடியாது. நான் கத்தக் கத்த எனக்கு டீ போட்டுக் கொடுப்பார்.

ஒருநாள் உறைக்கு மோர் கேட்டுக் கீழே போனேன். மதாம் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிங்கம் வாயை முழுசாகத் திறந்து கர்ஜிக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. டிவி ரிப்பேர் போலிருக்கிறது, நம்ம கடைக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறான், வரச் சொல்கிறேன் என்றேன். ரிப்பேர் இல்லை என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் களைத்துப்போய் வந்து படுத்திருப்பேனாம், சத்தம் மேலே கேட்குமாம். எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டேன்.

"நீ குடி வந்ததுலேருந்துதாம்மா. மனுஷங்க பேசுற நிகழ்ச்சின்னா சத்தமில்லாம புரியாது. மிருகம்னா பரவால்ல. அதான் இதே பாக்குறேன்."

நான் படுத்தால் காதுக்குப் பக்கத்தில் மேளம் அடித்தாலும் எழுந்திருக்காத ஜென்மம். ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தைக் கூட்டினேன். மதாம் திடுக்கிட்டுப்போய், சரி சரி என்று பாதியாகக் குறைத்தார். நான் மாடி ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் கீழே எல்லாம் அடங்கிவிட்டது. எனக்காக ஒருத்தர் வருஷக்கணக்கில் ஊமைச் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு ஏதோ கடன்பட்ட மாதிரி உறுத்தியது.

பிறகு ஒருநாள் மதாம் என் கடைக்கு வந்தார். உள்ளே ஆள் இருந்ததால் வெளியே பூக்காரம்மா பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதற்கு எதற்கு மார்க்கெட் வரைக்கும் வரணும் என்று கேட்டேன். வீட்டில் வைத்துக் கடை வேலை கேட்டால் நன்றாக இருக்காது என்றார். உட்காரச் சொன்னேன், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

பையன் வருகிறானாம். இந்த முறை அம்மாவைக் கையோடு அழைத்துப் போய்விடுவானாம். வீட்டை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது. அங்கே அடுக்குமாடியில், பேரப்பிள்ளைகளின் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை. நல்லதுதானே என்றேன். நல்லதுதான் என்றார். அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் காட்டுக்குப் போய்விட்டு வர முடியுமா என்று கேட்டார். டிவியில் காட்டுவார்களே, புலி இருக்கிற காடு, மத்தியப் பிரதேசத்தில்.

"பாக்கணுமா மதாம்?"

"பாத்தது போதும்மா. கேக்கணும்."

அதற்குப் பிறகு என்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. பிரான்சில் அந்த அறையிலும் டிவி இருக்கும், பக்கத்தில் பிள்ளைகள் தூங்குவார்கள். இவர் அங்கேயும் சத்தத்தை வைக்கப் போவதில்லை. இதுதான் ஒரே வாய்ப்பு.

காட்டுக்குள் ஜீப்பில்தான் போக முடியும். ஒரு ஜீப்பில் ஆறு பேர் போகலாம், தனி ஆள் என்றால் வேறு யாருடனாவது சேர்ந்துகொள்வதுதான் சுலபம். மதாம் அதற்கு மட்டும் சம்மதிக்கவே இல்லை. மற்றவர்கள் ஆசையோடு வந்திருப்பார்களாம், இவர் நடுவில் இருமுவாராம், பாத்ரூமுக்கு நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்குமாம், இவரால் அவர்கள் புலியைத் தவற விட்டுவிட்டால்? ஆக முழு ஜீப்பும் அவருக்கே. பிறகு நானே முழு நாள் அனுமதியைப் பற்றிச் சொன்னேன். எல்லா ஜீப்புகளும் காலையில் உள்ளே போய் மதியத்துக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். சாயங்காலம்தான் மறுபடி விடுவார்கள். முழு நாள் அனுமதி வாங்கியவர்கள் மட்டும் நடுவில் வெளியே வர வேண்டாம். அந்த மத்தியான நேரத்தில் காட்டில் வேறு வண்டியே இருக்காது. மதாம் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நானும் வருகிறேன் என்றேன். கடையை யார் பார்ப்பது என்று அவர் கேட்டார். அது விடுமுறைக் காலம், வீக்கெண்டில் ரூம் கேட்டு பெங்களூர்க்காரர்கள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் வருகிறேன் என்றேன். அப்படியானால் எனக்குக் காடே வேண்டாம் என்று எழுந்துவிட்டார். மதாம் பிடிவாதம் பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். விட்டுவிட்டேன்.

அங்கே இருந்த ஜீப்காரரோடு எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் பேசி எல்லாம் முடித்தேன். மதாமின் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பினேன். அது பிரெஞ்சு பாஸ்போர்ட். எங்கள் ஊரில் அது ஒரு விஷயமே இல்லை, எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் இருக்கும். ஜீப்காரர் என்ன செய்தார் தெரியுமா? பேரைப் பார்த்தார், போட்டோவில் புடவையைப் பார்த்தார். ஏதோ தவறு என்று நினைத்து, உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு இந்தியர் என்று பதிவு செய்துவிட்டார். வெளிநாட்டவருக்கு அனுமதியே தனி. அப்படியே போயிருந்தால் விடியற்காலையில் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவர் அனுப்பிய அனுமதிச் சீட்டில் நான் அதைப் பார்த்துவிட்டேன். போனில் நான் போட்ட சத்தத்தில் பூக்காரம்மா எட்டிப் பார்த்தார். புதுச்சேரியில் தமிழ் பேசுகிற பிரெஞ்சுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்த மனுஷனுக்கு விளங்க வைப்பதற்குள் என் பிராணன் போய்விட்டது. மறுபடி அனுமதி கிடைத்த தேதி, பையன் வருவதற்குச் சற்று முன்னால் வந்து விழுந்தது. அதைத் தவற விட்டால் வேறு நாளே கிடையாது.

அந்த நாட்களில் ஒருநாள் நான் கடைக்குக் கிளம்பும்போது மதாம் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாயத் திரும்பி வருகிறேன், அதே நாற்காலியில் அப்படியே இருக்கிறார். முகம் வெளுத்திருந்தது. என்ன ஆச்சு என்று பதறினேன். ஒத்திகையாம். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் பகல் முழுக்க எழுந்திருக்காமல் இருக்க முடிகிறதா என்று பார்த்தாராம். முடிகிறதாம். சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, குடித்து முடிக்கும் வரை எதிரில் நின்றேன். காட்டுக்குள் வண்டியை நிறுத்த இடம் இருக்கிறது, பாத்ரூம் இருக்கிறது, அதற்கெல்லாம் சேர்த்துத்தான் முழு நாள் என்று சொன்னேன். நம்பினாரா தெரியாது.

அப்புறம் பையன் கூப்பிட்டான். என்னை அக்கா என்பான், தங்கமான பிள்ளை, அதைக் குறை சொல்ல முடியாது. அம்மா தனியாக அவ்வளவு தூரம் போவதில் அவனுக்குப் பயம். நேரடியாக வேண்டாம் என்றால் அம்மா வருத்தப்படுவார், அனுமதி கிடைக்கவில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள் அக்கா என்றான். என் வாயால் அந்தப் பொய் வராது தம்பி, வேண்டுமானால் நீயே பேசு என்றேன். பேசினான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் கீழே இறங்கிப் போகிறேன், மதாம் எடுத்து வைத்த ஸ்வெட்டரை மறுபடி பீரோவில் வைத்துக்கொண்டிருக்கிறார். பையனுக்குத் தூக்கம் வராதாம் இவர் போனால். அவ்வளவுதான், முடிந்தது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "சரி மதாம், கேன்சல் பண்ணிடுறேன். அந்த ஜீப்காரர்தான் பாவம். உங்களுக்காக வேற சவாரியெல்லாம் வேணாம்னு சொல்லிட்டு உக்காந்திருக்காரு. டிரைவர், கைடு, எல்லாரும் அந்த நாளை ஒதுக்கி வச்சிருக்காங்க."

மதாம் ஸ்வெட்டரோடு அப்படியே நின்றார்.

"அவங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?"

"பெரிய தொந்தரவு."

ஸ்வெட்டர் திரும்பப் பெட்டிக்குள் போனது. பையனிடம் என்ன சொன்னாரோ, சமாதானம் செய்துவிட்டார். சென்னையில் விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். உள்ளே போகும்போது, தனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற காவலரிடம் பர்தோன் சொன்னது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

முழு நாள் சவாரி முடிந்த அன்று சாயங்காலம் ஜீப்காரர் போன் செய்தார். குரலே சரியில்லை. அக்கா, புலி வரவில்லை, நாள் முழுக்கச் சுற்றியும் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றார். டிரைவரும் கைடும் அவரிடம் வந்து வருத்தப்பட்டார்களாம். அம்மா பாவம், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனார் என்றார். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. வயிற்றைக் கட்டி, மனசைக் கட்டி ஒரு மனுஷி போனாரே, அவருக்கு அந்தக் காட்டில் ஒரு புலியை அனுப்ப ஆளில்லையா?

ஊர் திரும்பியவருக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கீழே போனேன். மதாம் டீ போட்டார். எதிரில் உட்கார்ந்தார். யாருக்கும் சொல்லாதே என்று ஆரம்பித்தார்.

"மத்தியானம் எல்லா வண்டியும் வெளிய போயிடுச்சும்மா. ஒரு குட்டை ஓரமா மர நிழல்ல நிறுத்துனாங்க. சாப்ட்டோம். அந்தப் பசங்க ரெண்டு பேரும் அசந்துட்டாங்க. ஒருத்தன் ஸ்டீரிங்ல தல வச்சிக்கிட்டான், ஒருத்தன் தொப்பிய மூஞ்சில கவுத்துக்கிட்டான். நான் சும்மா கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எல உழுற சத்தம்கூட கேட்டுச்சு. அப்ப வந்துச்சு."

"எது?"

"புலிதாம்மா."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"மான் கத்தும், குரங்கு கத்தும்னு டிவில காட்டுவாங்க. ஒண்ணும் கத்தல. புதருலேருந்து வந்து, பின்பக்கமா தண்ணில எறங்கி உக்காந்துச்சு. அப்புறம் தண்ணி குடிச்சுது. சளப்பு சளப்புன்னு. நம்ம நாயி சட்டில குடிக்குமே, அதே சத்தம். கேட்டுட்டேம்மா. நடுவுல தலையத் தூக்கி என்னைப் பாத்துச்சு. எனக்கு என்னா செய்றதுன்னு தெரியல. பர்தோன்னேன்."

"மதாம்! அவங்கள எழுப்ப வேண்டியதுதானே? புலியக் காட்டுறதுதான் அவங்க வேலையே!"

"விடியறதுக்கு முன்னாடி அந்தக் குளிர்ல எழுந்து வந்த புள்ளைங்க. எழுப்ப மனசு வரல."

பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் தூங்கிவிட்டோமே என்று அவர்கள் மனசு நோகுமாம். சாயங்காலம் வரைக்கும் அந்த இரண்டு பேரும் புலியைத் தேடி அவரைக் காடு முழுக்க அலைய வைத்திருக்கிறார்கள். இவரும் தேடுவது போலப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியில் அவர்கள் மன்னிப்புக் கேட்க, இவர் பரவாயில்லை என்று தேற்றிவிட்டு வந்திருக்கிறார். போட்டோ இல்லை, சாட்சி இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தேன். மதாமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டுக் காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அது எழுந்து போச்சுல்ல, அப்ப நான் இந்தாண்ட திரும்பி, பாத்தியான்னு கேட்டுட்டேன். வாய் தானா கேட்டுடுச்சு. திரும்புனா பக்கத்து சீட்டு காலி. பின்னாடியும் காலி. முன்னாடி அந்தப் பசங்க தூக்கத்துல. அவ்ளோ பெரிய வண்டியில நான் ஒருத்திதான் உக்காந்திருக்கேன்னு அப்பதாம்மா தெரிஞ்சுது."

நான் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எவ்வளவு பெரிசு இருந்தது என்று கேட்டேன். கோடு எப்படி, காது எப்படி, வால் நனைந்ததா, எந்தப் பக்கமாக ஏறிப் போனது என்று ஒன்று விடாமல் கேட்டேன். மதாம் எழுந்து நின்று, பின்பக்கமாகக் குனிந்து, புலி தண்ணீரில் இறங்கியதைச் செய்து காட்டினார். தெரு விளக்கு எரிந்த பிறகும் நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவர் சொல்லச் சொல்ல அந்தக் குட்டை எனக்கும் தெரிந்தது. இன்றைக்கும் யாராவது புலி பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் இல்லை என்று சொல்லத் தயங்குவேன்.

பையன் வந்தான். சாமான்கள் போயின. மாடியில் நான் அப்படியே இருக்கலாம் என்று வீட்டை வாங்கியவரிடம் மதாம் பேசி வைத்துவிட்டார், அதையும் எனக்குத் தொந்தரவு இல்லாமல். சென்னை வரைக்கும் நானும் வருவேன் என்று சொன்னேன். உனக்கெதற்கம்மா சிரமம் என்றார். இந்த முறை நான் விடவில்லை. வண்டியில் இடம் இருக்கிறது, எனக்கு வாயும் இருக்கிறது, வருவேன் என்று சண்டை போட்டேன். கடைசியில் சரி என்று ஒத்துக்கொண்டார். கிளம்பும்போது எழுப்புகிறேன், நீ தூங்கு என்றார். புடவையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

முகத்தில் வெயில் அடித்துத்தான் விழித்தேன். தடதடவென்று இறங்கினேன். கீழ் வீட்டுக் கதவில் பூட்டு. ஓடிப்போய் கேட்டைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. கீல் இரண்டிலும் தேங்காய் எண்ணெய் வழிந்து தரை வரைக்கும் இறங்கியிருந்தது. தெருவில் வண்டித் தடம்கூட இல்லை. எதிர் வீட்டில் விசாரித்ததில், காரைத் தெருமுனையிலேயே நிற்கச் சொல்லிப் பெட்டிகளைக் கையில் தூக்கிப் போனார்களாம்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. புலி வந்தபோதே எழுப்பாத மனுஷி, போகும்போது எழுப்பவா போகிறார்? அது தெரிந்தும் தூங்கியிருக்கிறேன். திரும்பினேன். செவலை நாய் படியிலேயே படுத்திருந்தது. அதையும் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், அதற்கும் ஒரு பர்தோன் சொல்லியிருப்பார்.

"எழுப்பியிருந்தா எழுந்திருச்சிருப்பேனே மதாம்" என்றேன், சத்தமாகவே. நாய் மட்டும்தான் கண்ணைத் திறந்து பார்த்தது.